ரிவர்ஸ் பரீட்சை

“ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடிங்கன்னா அந்தப் பக்கம் ஒடிக்கிறீங்களே, காது எங்க போச்சு உங்களுக்கு?”

அந்தப் பெண் போட்ட சத்தத்தில் கடற்கரை மதில்மேல் இருந்த காக்கைகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. காருக்குப் பின்னால் கோத்திருந்த கேரவன், பாதையின் குறுக்கே கோணிக்கொண்டு நின்றது. கேரவன்களை நிறுத்தி அதிலேயே தங்கும் அந்தப் பூங்காவின் காவல்காரர் மோப்பம், சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

மோப்பம் என்பது ஊர் வைத்த பெயர். ‘குடும்பத்தோடு வருபவர்களுக்கு மட்டும். தனி ஆட்களுக்கு இடமில்லை’ என்று கேட்டில் பெரிதாக எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுப் புருஷன் பெண்டாட்டி வேஷம் கட்டி வருகிறவர்களை அவர் பார்த்ததுமே பிடித்துவிடுவார்.

போன மாதம்தான் சறுக்கிவிட்டார். “இன்னொரு தடவை ஏமாந்தீங்கன்னா வீட்லயே இருந்துக்கலாம்” என்று முதலாளியம்மா சொன்னதிலிருந்து அவருக்குச் சோறே இறங்கவில்லை.

மண்டையைக் குடைந்து அவர் கண்டுபிடித்ததுதான் இந்த ரிவர்ஸ் பரீட்சை. கேரவனைப் பின்னால் எடுக்கும்போது கொஞ்சிக் குலாவினால் போலி. மல்லுக்கு நின்றால் அசல். அன்றைக்கோ ஊரில் லாட்ஜ் எல்லாம் நிரம்பிவிட்டது. பூங்காவிலும் கடலைப் பார்த்தபடி ஒரே ஓர் இடம்தான் மிச்சம்.

காரிலிருந்தவர் தலையை வெளியே நீட்டினார். “கையைக் காட்டுறியா, ஈ ஓட்டுறியா? ஒழுங்கா சொன்னாத்தானே புரியும்!”

“ஒழுங்கா சொன்னா மட்டும் கேட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பீங்க! எல்லாம் உங்க அம்மா குடுத்த செல்லம்.”

“எங்கம்மாவை எதுக்கு இழுக்கிற? உங்கண்ணன் வண்டி ஓட்டுற லட்சணத்தை நான் எடுத்து விடவா?”

“எங்கண்ணனைப் பத்திப் பேசினா இப்படியே பஸ் ஏறிடுவேன், ஆமா!”

செய்தாலும் செய்வாள். காரிலிருந்து இறங்கியதுமே முதுகில் மாட்டிக்கொண்ட பெரிய பையை அவள் கழற்றவே இல்லை. அம்மா வீட்டுக்குக் கிளம்பத் தயாராகவே வந்திருக்கிறாள் என்று மோப்பம் நினைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் அப்படி ஒரு பை கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்கும்.

ஒருவழியாக, ஒரு பூந்தொட்டியைச் சாய்த்துவிட்டுக் கேரவன் தன் இடத்தில் போய் நின்றது.

“அடையாள அட்டை ஏதாவது...” என்று காரிலிருந்து இறங்கியவர் இழுத்தார்.

“அட்டையெல்லாம் எதுக்கு சார்? அதான் கண்ணால பாத்துட்டேனே! கல்யாணமாகி பதினஞ்சு வருஷம் இருக்குமா?”

“எனக்கு அம்பது வருஷம் ஆன மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் கேரவனுக்குள் ஏறினாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே ஏறினார். பாவம் மனுஷன் என்று மோப்பம் மனதுக்குள் உச்சுக்கொட்டினார்.

கேட்டுக்குத் திரும்பிய கையோடு முதலாளியம்மாவுக்குப் போன் போட்டார். “கடலோர இடத்துக்கு ஆள் வந்தாச்சும்மா. அசல் புருஷன் பெண்டாட்டி. தப்பா இருந்தா நாளையிலிருந்து நான் வேலைக்கே வரலை, போதுமா?”

போனை வைத்த பிறகுதான் பெயர்களை எழுதாதது ஞாபகத்துக்கு வந்தது. பதிவு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சீட்டியடித்தபடியே கேரவன் பக்கம் நடந்தார். ஜன்னல் திரை லேசாக விலகிச் சட்டென்று மூடியது. அவர் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார்.

உள்ளே அவள் குரல் படபடத்தது.

“ஐயோ, அந்தாளு நோட்டோட வந்துட்டாரு! சீக்கிரம் சொல்லுங்க, உங்க பேரு என்ன?”