தேயாத சாலை

புறவழிச்சாலை வந்த பிறகு வெள்ளைத்தாயின் டீக்கடைப் பக்கம் வண்டிகள் வருவதில்லை. மழையில் டயர் வழுக்குமா என்று சாலையை அளந்துபார்க்க வருடத்துக்கு ஒருமுறை வரும் சுடலைமணி மட்டும் தவறியதில்லை. இந்த முறையும் அவள் கொடுத்த குடத்து நீரைத் தாரின்மேல் ஊற்றினான். ரப்பர் கட்டை பொருத்திய ஊசலைத் தூக்கி விட்டதும் அது சாலையை உரசிக்கொண்டு போனது. முள் காட்டிய எண்ணை எழுதிக்கொண்டு, அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டான்.

“மாவட்டத்துலயே ஒங்க ரோட்டுலதான் பிடிப்பு ஜாஸ்திக்கா. வண்டி ஓடுனாத்தான தேஞ்சு வழவழன்னு ஆகும்?”

“அப்ப அடுத்த வருசம் எப்ப வருவீங்க தம்பி?”

“நல்லாருக்க ரோட்டுக்கு இனிமே போக வேண்டாம்னுட்டாங்க. வழுக்குதுன்னு யாராவது போன் பண்ணாத்தான் வருவோம்.”

டீயைக் குடித்துவிட்டுப் போனான். அவன் வைத்த கிளாஸைக் கழுவினாள். அன்றைக்குக் கழுவ அது ஒன்றுதான் இருந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. பாத்திரம் தேய்க்கும் நாரையும் செங்கல் பொடியையும் எடுத்துக்கொண்டு போய், இருபக்கமும் பார்க்காமல் நடுச்சாலையில் உட்கார்ந்து, அந்த வட்டத்துக்குள் தேய்க்கத் தொடங்கினாள்.