கருங்காலி வேஷம்

கருங்காலி வேஷம் போட ஒரு பிள்ளையும் முன்வரவில்லை.

கடைசியில் புஷ்பம் டீச்சர் சீட்டுக் குலுக்கினார். சுலோஜினியின் பெயர் வந்தது. அவள் அழுதுவிட்டாள்.

இலங்கை மலையகத்தில், தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. மகளிர் தினத்துக்கு நாடகம். ஆணுக்கொரு சம்பளம், பெண்ணுக்கொரு சம்பளம் என்றிருந்த காலத்தில், இந்த மலையின் பெண்கள் கொழுந்துக் கூடையைத் தொடாமல் துரை பங்களாவுக்கு ஊர்வலம் போன கதை. உரிமை என்றால் என்ன, அது சும்மா வந்ததா என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது டீச்சரின் எண்ணம்.

அன்று வேலைக்குப் போனவள் ஒரே ஒருத்தி. பிள்ளைமடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா பாலம்மா.

அதோடு லயத்து வீடுகளில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடவில்லை. போன மாதம் அவள் செத்தபோதுகூட, பெட்டி தூக்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்துதான் ஆள் வந்தது.

ஒத்திகை பார்க்க வீரம்மா வந்திருந்தார். ஊர்வலத்தில் முன்னால் நடந்தவர். கதிரையில் உட்கார்ந்து, கொடியை எப்படிப் பிடித்தோம், கங்காணி எப்படி மறித்தான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். சாயந்தரம் திரும்பும்போது பாலம்மாவின் முன்னால் எல்லோரும் காறித் துப்பியதையும் சொன்னார்.

“அதையும் வைங்க டீச்சர். அப்பத்தான் புள்ளைங்களுக்குப் புத்தி வரும்.”

பிள்ளைகள் கோஷம் போட்டுக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தார்கள். சுலோஜினி மட்டும் மூலையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“டீச்சர், அவங்க ஊர்வலம் போறப்ப நான் என்னா செய்யிறது? சும்மா நிக்கவா?”

டீச்சர் வீரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“சும்மா என்னாத்துக்கு நிக்கணும்? புள்ளைங்கள ஆட்டிக்கிட்டு இரு. தொட்டில்ல போட்டுத் தூங்க வையி. அவ அதத்தானே செஞ்சிக்கிட்டு இருந்தா.”

“யாரு புள்ளைங்கள?”

வீரம்மா கதிரையிலிருந்து எழுந்தார்.

கோஷம் தானாக நின்றது. பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க புள்ளைங்களத்தான்” என்றார். “என்னோடது ரெண்டு.”

வீரம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அவ கையில இருந்து புள்ளைய வாங்கி, இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் துப்புனோம்.”