வில்லன் முகத்துக்குச் சம்மதம்

பன்னிரண்டு பேர் சேர்ந்து, நிஜ மனிதர்களின் முகங்களை வைத்த படங்களோடு இணையத்தில் எழுதிய தொடர்கதையில் வில்லன் சுடர்விழியின் பொறுப்பு. அவனுக்கு அவள் தேர்ந்தெடுத்த முகம் சிவகங்கை பஸ் கண்டக்டர் சௌந்தரபாண்டியுடையது. அப்படியொரு மீசை! ஆனால் ஒவ்வோர் அத்தியாயத்தையும் முகத்துக்குச் சொந்தக்காரர் படித்துச் சம்மதித்தால்தான் தளம் அதை வெளியிடும்.

“ஏழு அத்தியாயமாச்சு, ஒரு கொலைகூட இல்லையே!” என்று சக எழுத்தாளர்கள் கருத்துப் பகுதியில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவள் கண்டக்டருக்கு போன் போட்டாள்.

“கொலையெல்லாம் வேணாம்மா. போன வாரம் நான் ஒருத்தன அறைஞ்சதா எழுதுனீங்க, பஸ்ஸுல புள்ளைங்க என்னப் பாத்தாலே அழுவுது. வேணும்னா தேங்கா திருடறேன்.”

வேறு வழியில்லாமல் தேங்காய்த் திருட்டையே எழுதினாள். பதினொரு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த அத்தியாயத்தில் கொலை விழாவிட்டால் வில்லனை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்கள். சுடர்விழிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை ஒரு பெண் கூப்பிட்டாள்.

“நான் பஞ்சவர்ணம், கண்டக்டர் சம்சாரம். கதைய நானும் படிச்சேன். என் மூஞ்சியப் போட்டுக்கம்மா, கொலைய நான் பண்றேன்.”

சுடர்விழிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ரொம்ப நன்றிக்கா! ஆனா சாகறவரோட முகத்துக்கும் சம்மதம் வேணுமே?”

“எங்க வீட்டுக்காரரத்தான் கொல்லப்போறேன். கேட்டுட்டேன். கொல்ல மாட்டாராம், சாகறதுக்குச் சரின்னுட்டாரு. இருபது வருசப் பழக்கந்தானே.”

அந்த அத்தியாயத்துக்குப் பதினொரு பேரும் ஒரே கருத்தைத்தான் எழுதினார்கள்: “அந்தம்மா முகத்தில் என்ன தத்ரூபம்!”