விட்டுப்போன ஓர் எழுத்து

“தோல் கம்பெனி தண்ணியாலதான் இது வந்துச்சுன்னு ரிப்போர்ட்ல இருக்கா மேடம்?”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டான் லோகநாதன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி பூர்ணிமாவுக்கு முப்பத்து மூன்று வயதில் மார்பகப் புற்றுநோய். அவளை மாடி வார்டில் விட்டுவிட்டு, அவளுடைய மரபணுப் பரிசோதனையின் முடிவைக் கேட்க வேலூர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்கு வந்திருந்தான்.

எங்கள் பக்கத்தில் எந்த வியாதிக்கும் பழி போட ஒரு தோல் கம்பெனி தயாராக இருக்கும். அவனும் அதைத்தான் நம்பியிருந்தான்.

“இல்ல சார்,” என்றாள் முடிவுகளை விளக்கிச் சொல்லும் பாரதி. “அவங்க ரத்தத்துலேருந்து மரபணுவைப் பிரிச்சு, மெஷின்ல எழுத்து எழுத்தா படிச்சோம். ஒரு இடத்துல ஒரே ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு. வேற முறையிலயும் சரிபார்த்துட்டோம். அதனாலதான் இந்த நோய். இது பொறக்கும்போதே இருந்தது. அவங்க அம்மாவுக்கும் இதே நோய்தானே?”

“ஆமா மேடம். அவங்க போயி பன்னெண்டு வருஷம் ஆச்சு.”

“அப்பவே பொண்ணையும் பாக்கச் சொல்லலையா?”

“சொன்னாங்க. ரெண்டு பேரும் ரத்தம் குடுங்கன்னு டாக்டர் தலபாடா அடிச்சுக்கிட்டாரு. பூர்ணிமாவோட தாய்மாமன்தான் வேணாம்னுட்டான். அப்பா இல்லாத பொண்ணு. வீட்ல அவன் வெச்சதுதான் சட்டம்.”

“ஏன் வேணாம்னாரு?”

“கல்யாணம் பேசி முடிச்சிருந்த நேரம். ரிப்போர்ட்ல ஏதாச்சும் வந்தா பெரியவங்க நிறுத்திடுவாங்கன்னு பயம்.”

பாரதிக்குக் கோபம் வந்தது. இந்த அறையில் கோபப்படக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வந்தது.

“அன்னைக்கே தெரிஞ்சிருந்தா வருஷா வருஷம் ஸ்கேன் பாத்திருக்கலாம் சார். கடுகளவு இருக்கும்போதே புடிச்சிருக்கலாம். இப்படி நுரையீரல் வரைக்கும் போகவிட்டிருக்க வேணாம்.”

“பொழச்சிருப்பாளா மேடம்?”

“நிறைய வாய்ப்பு இருந்துச்சு.”

லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டான். இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாமோ என்று பாரதிக்குத் தோன்றியது.

“பாவம், கட்டிக்கப் போற உங்ககிட்டயும் அந்த ஆளு மறைச்சிட்டாரு,” என்றாள்.

“எங்க பொண்ணு ஸ்வேதாவுக்கு எட்டு வயசு. அவளுக்கு வருமா?” என்றான்.

“அம்மா வழியில பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. பதினெட்டு வயசானதும் பாத்துக்கலாம். எந்த எழுத்துன்னு தெரிஞ்சுட்டதால அந்த ஒரு இடத்தை மட்டும் பாத்தா போதும். உங்க வழியில இந்தத் தொல்லை இல்லாதது ஒரு ஆறுதல் சார்.”

லோகநாதன் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப்போட்டான்.

“இன்னும் யாருக்கெல்லாம் பாக்கணும்?”

“பூர்ணிமாவோட அம்மா கூடப் பொறந்தவங்க எல்லாருக்கும். முக்கியமா அந்தத் தாய்மாமனுக்கு. அவருக்கும் இருந்தா அவர் பிள்ளைங்களுக்கும் ஆபத்து. எப்படியாச்சும் அவரை வரச் சொல்லுங்க.”

“வந்திருக்கான் மேடம்.”

பாரதி கதவைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

லோகநாதன் சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை மேஜை மேல் நீட்டினான்.

“எடுத்துக்குங்க மேடம். செத்துப்போனது என் கூடப் பொறந்த அக்கா. அவ பொண்ணைத்தான் நான் கட்டிக்கிட்டேன்.”