ஆபிதாவின் பழைய குரல்

“கேட்டீங்களா? மறுபடியும் ஆரம்பிச்சுட்டா!”

விளக்கு வைக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தது. மன்னார்புரம் ஃபிளாட் முழுக்க மிக்சியும் டி.வி.யும் வாயடைத்துக் கிடக்க, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் அனுசுயாவுக்குத் துல்லியமாகக் கேட்டது.

“வா... வாயை... த்... திறங்க...”

யாரோ கழுத்தை நெரித்துக்கொண்டே பேச வைப்பது போல ஒரு குரல்.

கணவர் ரெங்கராஜ் செல்போன் டார்ச்சைப் போட்டார். “பக்கத்து வீட்டு ஆபிதாதானே? அந்தப் பொண்ணுக்குத்தான் தொண்டை நரம்புல ஏதோ வியாதின்னியே.”

“அது பழைய கதை. தில்லைநகர்ல டாக்டர் கழுத்துல ஊசி போட்டாரு. கொஞ்ச நாள் வெறும் காத்துதான் வந்துச்சு. இப்ப ரேடியோ மாதிரி பேசுறா. காலையில லிஃப்ட்ல ‘குட்மார்னிங் அக்கா’ன்னா பாருங்க, கணீர்னு! ஸ்ரீரங்கத்துல டீச்சர் வேலையே கிடைச்சிருக்கு.”

“அப்ப இது யாரு?”

அனுசுயாவுக்குக் கோபம் வந்தது.

“அவளேதான். வெளியில தேனு, உள்ள பேய் வேஷம். ரசூல் பாவம், சவூதியில கட்டட வேலையில சாரத்துலேர்ந்து விழுந்து, கண்ணும் போய், ஞாபகமும் பாதி போய்க் கிடக்குறாரு. கட்டின புருஷனை இப்படியா பயமுறுத்துவா?”

“நமக்கெதுக்கு வம்பு அனு?”

“உங்களுக்கு எதுதான் வம்பில்ல?”

டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒற்றை மெழுகுவத்தி. கட்டிலில் ரசூல், எங்கோ பார்த்தபடி. எதிரே கஞ்சிக் கிண்ணத்தோடு ஆபிதா. கழுத்து நரம்பு புடைக்க, வேர்த்துக் கொட்ட, வேண்டுமென்றே தொண்டையை இறுக்கி இறுக்கிப் பேசிக்கொண்டிருந்தாள்.

“என்ன கூத்துடி இது?”

ஆபிதா பதறி எழுந்து அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். அங்கே அதே லிஃப்ட் குரல். கொஞ்சம் தணிவாக, அவ்வளவுதான்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு அந்தக் குரல்தான் அக்கா. விழுந்ததுக்கப்புறம் என்னைத் தெரிஞ்சுக்க அவருக்கு மிச்சம் இருக்குற அடையாளமும் அது ஒண்ணுதான். இந்தக் குரல் வந்ததும் ஆசையா மச்சான்னு கூப்பிட்டேன். ‘யாரு நீ? என் ஆபிதாவை என்ன பண்ணினே?’ன்னு சுவரோட ஒட்டிக்கிட்டு ஒரே கத்தல். அன்னிக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கல.”

“அப்ப எதுக்கு ஊசி போட்டுக்கிட்டே?”

“அந்தக் குரலுக்கு யாருக்கா வேலை குடுப்பாங்க? நான் வேலைக்குப் போகலைன்னா இவரை யாரு பார்க்குறது?” தொண்டையைத் தடவிக்கொண்டாள். “மூணு நாலு மாசத்துல மருந்து வேகம் போய் பழைய குரலே வந்துடுமாம். அப்ப வீட்டுல நடிக்க வேண்டியதில்ல. ஆனா ஸ்கூலுக்காக மறுபடி ஊசி போட்டுக்கணும்.”

அனுசுயா டார்ச் வெளிச்சத்தைத் தரைக்குத் தாழ்த்தினாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“ஆபிதா! எங்க இருக்கே?”

ஆபிதா ஓடினாள். சமையலறை வாசலில் நின்று தொண்டையை இறுக்கினாள். “இ... இருக்கேன்... ம... மச்சான்.”

ரசூல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். ஒரு கையை இருட்டில் நீட்டித் துழாவினார்.

“அவ திரும்ப வந்திருக்கா, அந்தக் கணீர்க் குரல்காரி. இப்பதான் சமையக்கட்டுல பேசினா. நீ பயப்படாதே புள்ள. என் பின்னாடி வந்து நின்னுக்க.”