ஹராவா மேடம் போட்ட தண்டனை

“உங்க பாடம் பண்ணின வேலையைப் பாத்தீங்களா, மேடம்?”

தலைமையாசிரியர் ஞிரெண்டா சத்தம் போடாமல்தான் கேட்டார். ரும்பி ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் அவர் சத்தம் போட்டால் பயப்பட மாட்டார்கள். போடாவிட்டால்தான் பயப்படுவார்கள்.

எதிரே ஹராவா மேடம். பெரிய வகுப்புகளுக்கு வாழ்க்கைத் திறன் பாடம் எடுப்பவர். சுவரோரமாக, பள்ளியின் கடைசி வகுப்பான நான்காம் படிவத்து மாணவி லுசுங்கு, தலை குனியாமல் நின்றாள். குனியாதது தனிக் குற்றமாகச் சேர்ந்திருந்தது.

“என்ன சார் பண்ணினா?”

“சாயங்காலம் என் வீட்டுக்குத் தண்ணி எடுக்க வாடின்னேன். முடியாதுங்கறா. அதுவும் அசெம்ப்ளியில!”

பள்ளி விட்டதும் பெண்பிள்ளைகள் முறை வைத்து அவர் வீட்டுக்குப் போவது வழக்கம். அடிபம்பில் தண்ணீர் அடிப்பது, துணி துவைப்பது, ராத்திரிக்கு ந்சிமாக் களி கிண்டுவது. வேலை முடிந்து வெளியே வரும்போது இருட்டியிருக்கும். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

“ஏன்டி முடியாது?”

“பரீட்சை வருது மேடம். எங்க வீட்டுல கரண்டு கிடையாது. வெளிச்சம் இருக்கும்போதுதான் படிக்க முடியும். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, வேண்டாம்னு பட்டா முகத்த நேராப் பாத்து, மரியாதையா மறுக்கணும்னு? நான் ‘சார்’னு சொல்லித்தான் மறுத்தேன்.”

சொல்லிக் கொடுத்தது உண்மைதான். போன வாரம் மேடமே மினிபஸ் டிரைவராக நடித்து, “ஏறு கண்ணு, டவுன்ல இறக்கி விடறேன், டிக்கெட் வேண்டாம்” என்று கண்ணடிக்க, ஒவ்வொருத்தியும் எழுந்து மறுத்தாள். லுசுங்கு மறுத்ததற்குத்தான் வகுப்பே கைதட்டியது.

“அது மினிபஸ்காரனுக்குடி!” மேடம் சீறினார். “ஹெட்மாஸ்டருக்கா? பொறுக்கி யாரு, பெரியவங்க யாருன்னு வித்தியாசம் தெரிய வேண்டாம்?”

“மேடம், அன்னிக்கு நீங்க...”

“வாயை மூடு!”

லுசுங்கு மூடிக்கொண்டாள். ஆனால் மேடத்தை அவள் பார்த்த பார்வை அவ்வளவு மரியாதையாக இல்லை.

ஞிரெண்டா நாற்காலியில் சாய்ந்தார். மேடத்தின் மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் திரும்பிவிட்டது.

“ரெண்டு வாரம் சஸ்பெண்ட் பண்ணி வீட்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்.”

அப்போதுதான் லுசுங்குவின் முகம் கலைந்தது. கடைசிப் பாடங்கள் எல்லாம் அந்த ரெண்டு வாரத்தில்தான்.

“சஸ்பெண்டா? அது லீவு சார்” என்றார் மேடம். “நல்லா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவா. என்கிட்ட விடுங்க. தினம் பள்ளி விட்டதும் என் வகுப்பறையில உக்காரணும். பொழுது சாயற வரைக்கும் அசையக் கூடாது. பரீட்சை வரைக்கும்.”

“பரீட்சை வரைக்குமா?” அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

“இடம் கொடுத்தா தலையில ஏறிடுவாங்க சார். இவ அப்படிச் சொன்னப்ப மத்தவங்க என்ன பண்ணினாங்க?”

“சிரிச்சாங்க.”

“யாரு?”

“பொண்ணுங்கதான். எல்லா வகுப்பும்.”

“அப்ப எல்லாருக்கும் அதே தண்டனை. ஒருத்தி பாக்கி இல்லாம. இல்லேன்னா இது தொத்து வியாதி மாதிரிப் பரவும்.”

“டீச்சர்னா நீங்கதான் டீச்சர்!” என்றார் ஞிரெண்டா.

அன்று மதியமே மறுபடி அசெம்ப்ளி கூடியது. உத்தரவை அவரே வாசித்தார். தண்டனை நேரத்தில் ஒருத்தியும் வெளியே வரக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் விடக் கூடாது என்று ரெண்டு தரம் சொன்னார்.

“வகுப்புல சிங்கம், ஆபீஸ்ல ஆட்டுக்குட்டி” என்றாள் ஒருத்தி, மேடத்தின் காதில் விழட்டும் என்றே.

“ஆட்டுக்குட்டி பாவம்டி, அத ஏன் இழுக்கற?” என்றாள் இன்னொருத்தி.

மேடத்தின் காதில் விழுந்தது. அவர் திரும்பவில்லை.

பள்ளி விட்டது. பையன்கள் பந்தை உதைத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் எல்லாரும் ஒரே வகுப்பறையில், பெஞ்சுக்கு இடம் போதாமல் தரையிலும் நெருக்கி உட்கார்ந்தார்கள். மேடம் வாசலில் நாற்காலி போட்டு வறுத்த வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். லுசுங்கு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் கும்வெண்டா வந்தார்.

“மேடம், ஐயா வீட்டுல குடிக்கக்கூடச் சொட்டுத் தண்ணி இல்லையாம். ரெண்டு பொண்ணுங்கள அனுப்பச் சொன்னாங்க.”

“ஐயையோ, எல்லாரும் தண்டனையில இருக்காங்களே!” என்றார் மேடம். “எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாதுன்னு ஐயாவே சொல்லியிருக்காரு. அவரு உத்தரவ நான் மீறலாமா?”

“சரி... ஒரே ஒரு பொண்ணாவது?”

“ஒருத்தியையும் விடக் கூடாதுன்னாரே.”

“அப்ப தண்ணிக்கு என்ன பண்றது?”

“பம்பு நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு ஐயாகிட்ட சொல்லுங்க.”

கும்வெண்டா தலையைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனார். லுசுங்கு ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி மேடத்தைப் பார்த்தாள்.

மேடம் கையிலிருந்த கடலைத் தோலை ஊதிவிட்டு எழுந்தார். கதவைச் சாத்தினார். கரும்பலகையைத் துடைத்து, சாக்பீஸைக் கையில் எடுத்தார்.

“என்ன வேடிக்கை பாக்கறீங்க? பொழுது சாய இன்னும் நிறைய நேரம் இருக்கு. கணக்குல யாருக்கு என்ன புரியல, சொல்லுங்க.”