அர்வித்தின் படை

"மன்னிக்கணும், இதை நாங்க எடுத்துக்க முடியாது" என்றார் சங்கத்துப் பெரியவர் ஷெல்.

டோர்டிஸுக்குச் சுருக்கென்றது. அவள் ஒன்றும் விற்க வரவில்லை. இறந்துபோன கணவரின் பெட்டியைச் சும்மா கொடுத்துவிட்டுப் போகத்தான் மழையில் பஸ் பிடித்து வந்திருந்தாள்.

பெட்டி நிறைய கட்டைவிரல் உயர வைக்கிங் வீரர் பொம்மைகள். கோடாரி, ஈட்டி, வில், வட்டக் கேடயம். எல்லாம் அர்வித் சமையலறை மேஜையில் குனிந்து உட்கார்ந்து வர்ணம் பூசியவை. செவ்வாய்க்கிழமை தவறாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஹௌகசுண்ட் துறைமுகத்துப் படகுக் கொட்டகை மாடியில் இருக்கும், பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடும் இந்தச் சங்கத்துக்கு வந்துவிடுவார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்றாலே அவளுக்குத் தனிமைதான்.

இப்போது எல்லாக் கிழமையும் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது.

"ஏன் எடுத்துக்க மாட்டீங்க?"

ஷெல் ஒரு வீரனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "கேடயத்துல வர்ணம் பிசிறடிக்குது. அர்வித்துக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்புறம் பூசினது போல."

"செத்துப்போனவரைப் பத்தி இப்படியா பேசுவீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். அதோட இங்க ஒரு விதி இருக்கு. சொந்தக்காரங்க கையால ஆடி, ஒரு தடவையாவது ஜெயிச்ச படையைத்தான் சங்கத்துல சேர்த்துப்போம். இப்ப இந்தப் படைக்குச் சொந்தக்காரி நீங்க. ஓட்வார், எதிர்ல உட்காரு."

"எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதே!"

"பகடை உருட்டத் தெரியுமில்ல?"

மீன் ஆலையில் வேலை பார்க்கும் தாடிக்காரன் ஓட்வார், சிரித்தபடியே, வைக்கிங்குகளின் பழைய எதிரிகளான சாக்சன் படையைப் பச்சைத் துணியில் பரப்பினான். டோர்டிஸ் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

பகடை உருண்டது. அவள் பக்கத்து ஆட்கள் வரிசையாக விழுந்தார்கள். விழுந்தவனை அவளே எடுத்து ஓரமாக வைக்க வேண்டுமாம். ஒருவனுக்குச் சிவப்புத் தாடி. ஒருவனுக்கு நெற்றியில் தழும்பு. இதையெல்லாம் பூசும்போது அர்வித் என்ன நினைத்துக்கொண்டிருப்பார்? அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"வில்லுக்காரங்களை முன்னாடி நிறுத்தினா சாகாம என்ன பண்ணுவாங்க?" பின்னாலிருந்து ஷெல் கடிந்துகொண்டார். "தோத்தாச்சு. அடுத்த வாரம் வாங்க."

'என்ன மனுஷன் இவர்!' பஸ்ஸில் வழி முழுக்கப் பொருமினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனாள். தோற்றாள். அதற்கடுத்த வாரமும் தோற்றாள். ஓட்வார் காபியும் வாஃபிளும் கொண்டுவந்து வைப்பான். ஷெல்லிடமிருந்து திட்டுதான் கிடைக்கும்.

"கேடயத்தைச் சேர்த்து வைங்க, டோர்டிஸ். நடுவுல இவ்வளவு சந்து விட்டா என் மாமியார்கூட உள்ள புகுந்துடுவாங்க."

"அவங்க பாவம், உங்ககிட்டயிருந்து தப்பிச்சு ஓடி வந்திருப்பாங்க" என்றாள் ஒருநாள்.

அறை முழுக்கச் சிரித்தது. ஷெல்லும்தான்.

அவரை ஒரு தடவையாவது வாயடைக்க வைக்க வேண்டும் என்ற வீம்பு. வீட்டில் சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டு, மேஜையில் வீரர்களைப் பரப்புவாள். உப்பு ஜாடிதான் எதிரிப் படை. "நீ இங்க நில்லு. நீ அவன் பக்கத்துல போ" என்று அவர்களோடு பேசுவாள். அர்வித் போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் பேச்சுக்குரல் அதுதான்.

பனி உருகிய ஒரு செவ்வாய்க்கிழமை ஓட்வாரின் சாக்சன் தலைவன் விழுந்தான். டோர்டிஸ் ஜெயித்துவிட்டாள். எல்லோரும் மேஜையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள்.

அவள் வீரர்களை ஒவ்வொருவராகப் பெட்டியில் அடுக்கினாள். மூடியை அழுத்திச் சாத்தினாள்.

"இந்தாங்க ஷெல். எடுத்துக்கங்க."

ஷெல் கை நீட்டவில்லை. அந்த நேரம் கதவைத் திறந்துகொண்டு நடுத்தர வயதுக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"எங்கப்பாவோட பொம்மைப் படை. சங்கத்துக்குக் கொடுத்துடலாம்னு..."

"அட, ரொம்ப நன்றி!" ஓட்வார் எழுந்து போய் வாங்கிக்கொண்டு, மூலையிலிருந்த அலமாரியைத் திறந்தான். உள்ளே மேல்தட்டு வரை அதேபோல் பெட்டிகள்.

"இரு ஓட்வார்" என்றாள் டோர்டிஸ். "அவர் ஆடி ஜெயிக்க வேண்டாமா? விதி?"

"எந்த வி..." ஓட்வார் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஷெல், ஆட்டத்தில் தூரம் அளக்கும் நாடாவை அக்கறையாகச் சுருட்டத் தொடங்கினார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"அப்படி ஒரு விதியே இல்லையா?"

"அர்வித் அடக்கத்துக்கு நாங்க எல்லாரும் வந்திருந்தோம்" என்றார் நிமிராமல். "நீங்க யாரையும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கல. பெட்டிய வாங்கிட்டு அனுப்பியிருந்தா, மறுபடி இந்தப் படியேறியிருப்பீங்களா?"

டோர்டிஸ் நீட்டிய பெட்டியைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு வந்தவர் பக்கம் திரும்பினாள்.

"உங்கப்பா... இல்லையா?"

"இருக்கார். அம்மா போனதுலேர்ந்து வெளிய வர்றதில்ல. நாள் முழுக்க ஜன்னல்கிட்டயே உட்கார்ந்திருக்கார். எல்லாத்தையும் கொடுத்துடச் சொல்லிட்டார்."

டோர்டிஸ் ஓட்வாரிடமிருந்து அட்டைப்பெட்டியை வாங்கி, அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"இதுல பாதிப் பேரோட ஈட்டி உடைஞ்சிருக்கு. இப்படியெல்லாம் நாங்க எடுத்துக்க மாட்டோம். அடுத்த வாரம் உங்கப்பாவையே வந்து ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்க" என்றாள் கறாராக, பெட்டியின் மூடியைத் திறக்காமலேயே.